ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர்: காவலும் அவர்களே, சுங்கமும் அவர்களே

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. அன்று கூகுள் ப்ளே ஸ்டோரிலிருந்து 'முஸ்லிம் மேட்ரிமோனி' செயலி நீக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி, ஜோடி ஆகிய செயலிகளும் அதனுடன் சேர்ந்து போயின. இவற்றை நடத்தும் மேட்ரிமோனி டாட் காம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். வேலை தேடுவோர் பயன்படுத்தும் நௌக்ரி, வீடு, மனை தேடுவோருக்கான 99 ஏக்கர்ஸ், ஷாதி, குக்கு எஃப்.எம். என்று பத்து நிறுவனங்களின் நூற்றுக்கும் மேற்பட்ட செயலிகள் அந்த வரிசையில் இருந்தன.

ஏற்கெனவே செயலியைக் கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு இல்லை. புதிதாக மகளுக்கோ மகனுக்கோ வரன் தேட உட்கார்ந்த பெற்றோருக்குத்தான் செயலி கிடைக்கவில்லை. செயலியில் மோசடி எதுவும் இருந்ததாகக் கூகுள் சொல்லவில்லை. எங்கள் கடையில் இருந்து பயன் பெறுகிறீர்கள், அதற்குரிய கட்டணத்தை நீண்ட நாட்களாகக் கட்டவில்லை, ஆகவே நீக்குகிறோம் என்பதுதான் அது சொன்ன காரணம்.

பெரிய நிறுவனங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் சண்டை, இதில் நமக்கென்ன என்று கேட்போர் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் பாடம் படிப்பதும், நாம் தொழுகை நேரம் பார்ப்பதும், குர்ஆன் ஓதுவதும், வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு பேசுவதும் செயலி வழியாக என்றாகிவிட்ட காலம் இது. அந்தச் செயலிகள் நம் கைக்கு வர இருப்பது இரண்டே இரண்டு வாசல்கள். அந்த வாசல்களில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வாரச் சந்தையும் சுங்கமும்

நம் ஊர்களில் வாரச் சந்தை கூடும் இடத்தை உள்ளாட்சி மன்றம் ஏலம் விடும். ஏலம் எடுத்த குத்தகைதாரர், கடை போடும் ஒவ்வொருவரிடமும் சுங்கம் வசூலிப்பார். தலைச்சுமைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு மேல் கேட்டால் சண்டை போடலாம். பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகலாம்.

ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அதில் சுமார் 500 செயலிகள் இருந்தன. செயலி விற்று வரும் பணத்தில் 70 சதவீதம் செய்தவருக்கு, 30 சதவீதம் ஆப்பிளுக்கு என்பது ஏற்பாடு. அதே ஆண்டில் வந்த கூகுளின் கடையும் அந்த 30 சதவீதத்தையே பின்பற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2021இல் இரு நிறுவனங்களும் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரையிலான வருமானத்துக்கு 15 சதவீதமாகக் குறைத்தன. பெரிய நிறுவனங்களுக்கு 30 தொடர்ந்தது.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. செயலி வழியாக பிரியாணி வரவழைத்தாலோ ஆட்டோ பிடித்தாலோ துணி வாங்கினாலோ இந்தக் கமிஷன் கிடையாது. கையில் தொட முடியாத 'டிஜிட்டல்' சரக்குக்குத்தான் கமிஷன். மின்நூல், பாடல், விளையாட்டு, இணைய வகுப்பு, வரன் பார்க்கும் தளத்தின் உறுப்பினர் சந்தா எல்லாம் அதில் அடக்கம். மேட்ரிமோனி செயலி மாட்டிக்கொண்டதும் பிரியாணி செயலி தப்பித்ததும் இதனால்தான். இந்தியாவில் தன் கடையில் செயலி வைத்திருப்போரில் சுமார் 3 சதவீதத்தினர்தான் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் என்று கூகுள் சொல்கிறது. ஆனால் ஒரு மொழியில், ஒரு சமூகத்துக்காக, பாடமோ கதையோ செய்து சந்தா வாங்கிப் பிழைக்க நினைக்கும் சிறிய நிறுவனம் அந்த 3 சதவீதத்துக்குள்தான் வரும்.

மதரஸா பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் கற்றுத்தரும் செயலி ஒன்றை ஓர் இளைஞர் செய்து, மாதம் 100 ரூபாய் சந்தா வைக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். 15 ரூபாய் கடைக்குப் போகும். அந்தச் சந்தாவை கடைக்காரர் வைத்திருக்கும் கல்லாப்பெட்டி வழியாகத்தான் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. அதைவிடக் கடுமையானது மற்றொரு விதி. 'எங்கள் இணையதளத்தில் கட்டினால் 85 ரூபாய்தான்' என்று செயலிக்குள் எழுதி வைப்பதற்கும் அனுமதி இல்லை. ஐபோனில் கிண்டில் செயலியைத் திறந்து புத்தகம் வாங்கும் பொத்தானைத் தேடிக் காணாமல் குழம்பியவர்கள் பலர். அமேசான் அந்தப் பொத்தானை வைக்காததற்குக் காரணம் இந்தக் கமிஷன்தான். அமெரிக்காவில் யூடியூப் பிரீமியம் சந்தா இணையதளத்தில் 13.99 டாலராக இருந்தபோது, அதையே ஐபோன் செயலிக்குள் வாங்கினால் 18.99 டாலர். வித்தியாசத்தைக் கொடுப்பது வாடிக்கையாளர். இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு: யூடியூப் கூகுளுக்குச் சொந்தமானது. தன் கடையில் பிறரிடம் சுங்கம் வாங்கும் நிறுவனமே, ஆப்பிள் வாசலில் சுங்கம் கட்டும் இடத்தில் நின்றது.

சென்னையில் இருந்து டெல்லி வரை

இந்தியாவில் இந்த விவகாரம் சூடு பிடித்தது 2020 செப்டம்பரில். தன் கல்லாப்பெட்டி விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தப் போவதாகக் கூகுள் அறிவித்த அதே மாதத்தில், சூதாட்ட விதியை மீறியதாகச் சொல்லி பேடிஎம் செயலியைச் சில மணி நேரம் கடையிலிருந்து நீக்கியது. கோடிக்கணக்கானோர் பணம் அனுப்பப் பயன்படுத்தும் செயலியையே ஒரு பகல் பொழுதில் நீக்க முடிகிறது என்பது இந்திய நிறுவனங்களுக்குப் பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து நாள் இடைவெளியில் கூகுள் மீது இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. ஆண்ட்ராய்டு தொடர்பாக ரூ.1,337.76 கோடி அபராதம். ப்ளே ஸ்டோர் கட்டண முறை தொடர்பாக ரூ.936.44 கோடி அபராதம். பணம் வசூலிக்க வேறு வழிகளையும் அனுமதிக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. கூகுள் அனுமதித்தது. எப்படி என்றால், வேறு வழியில் வசூலித்தால் கமிஷனில் 4 சதவீதம் மட்டும் தள்ளுபடி. 15 என்பது 11 ஆகும், 30 என்பது 26 ஆகும். வேறு கல்லாப்பெட்டி வைத்துக்கொள்ள ஆகும் செலவோ கிட்டத்தட்ட அந்த 4 சதவீதத்தைத் தின்றுவிடும். உத்தரவின் எழுத்து காப்பாற்றப்பட்டது, அதன் நோக்கம் காற்றில் போனது என்றே நாம் சொல்வோம்.

மேட்ரிமோனி உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இது போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி மனுக்களை நிராகரித்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தர மறுத்தது. அதன் பிறகுதான் அந்த மார்ச் 1 நடவடிக்கை.

அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், செயலிகளை இப்படி நீக்குவதை அனுமதிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். மார்ச் 5க்குள் செயலிகள் திரும்பி வந்தன, கட்டணக் கணக்கு மட்டும் தொடர்ந்து எழுதப்படும் என்ற நிபந்தனையோடு. செயலிகள் திரும்பியதில் மகிழ்ச்சிதான். ஆனால் நீதிமன்றங்களின் கதவைத் தட்டிக் கிடைக்காதது ஓர் அமைச்சரின் தலையீட்டில் நாலைந்து நாளில் கிடைத்தது. அமைச்சரின் காது எட்டாத சிறு நிறுவனம் ஒன்றின் செயலி நீக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

2025 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கூகுள் தன் நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற முடிவின் முக்கியப் பகுதியை ஏற்றுக்கொண்டு, ரூ.936.44 கோடி அபராதத்தை ரூ.216.69 கோடியாகக் குறைத்தது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதி வகுக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. இதை எழுதும்வரை அது சட்டமாகவில்லை.

அமெரிக்காவில் இதே சண்டை ஒரு விளையாட்டுச் செயலியை வைத்து நடந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், 2020 ஆகஸ்ட் 13 அன்று தன் செயலிக்குள் நேரடிக் கட்டண வழியை வைத்தது. அன்றே ஆப்பிளும் கூகுளும் அதைத் தூக்கின. அன்றே எபிக் இரு நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டது. ஆப்பிளுக்கு எதிரான வழக்கில் நீதிபதி யுவோன் கொன்சாலஸ் ராஜர்ஸ் 2021இல் பெரும்பாலான கோரிக்கைகளை நிராகரித்தார். வெளியே கட்டணம் கட்டும் வழியைக் காட்ட விடாமல் தடுப்பது கூடாது என்பதை மட்டும் உத்தரவாக எழுதினார். ஆப்பிள் என்ன செய்தது தெரியுமா? இணைப்பு வைத்துக்கொள், ஆனால் வெளியே நடக்கும் விற்பனையிலும் 27 சதவீதம் கொடு என்றது. இந்தியாவில் நாம் பார்த்த அதே தந்திரம்! 2025 ஏப்ரலில் அதே நீதிபதி, ஆப்பிள் வேண்டுமென்றே தன் உத்தரவை மீறியது என்று நீதிமன்ற அவமதிப்புத் தீர்ப்பளித்தார். மறுபக்கம், 2023 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி, கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று ஒருமனதாக முடிவு சொன்னது. தென் கொரியா 2021இல் தனிச் சட்டமே போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் ஐபோனில் வேறு செயலிக் கடைகள் வர முடிகிறது. ஜப்பானில் 2025 டிசம்பரில் அதுபோன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது.

காவலாளி சொல்லும் பதில்

கடைக்காரர்கள் சொல்லும் பதிலை எளிதில் தள்ளிவிட முடியாது. வாசலில் நாங்கள் நின்று சோதிக்காவிட்டால் திருடர்கள் உள்ளே வருவார்கள் என்கிறார்கள். உண்மைதான். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்களைப் பற்றி காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்தக் கோப்பு வருவது ப்ளே ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு. அவசரத்துக்குக் கடன் தருவதாக வந்து, தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தையே அவமானப்படுத்திய கடன் செயலிகளில், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200க்கும் மேற்பட்டவற்றைக் கூகுள் நீக்கியதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வட்டியின் கேட்டை வேறு எப்படி விளக்க!

ஆனால் அந்த 2,200ம் முதலில் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தவை.

நம் சமூகத்தை நேரடியாகத் தொட்ட சம்பவம் ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டும். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தி வந்தார்கள். அதில் இருந்து பயனாளர் இருக்கும் இடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குப் போவதையும், அந்த நிறுவனம் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்ததாரர்களுக்குத் தகவல் விற்பதையும் 2020 நவம்பரில் மதர்போர்ட் என்ற செய்தித்தளம் வெளிக்கொண்டு வந்தது. தொழுகைக்குத் திசை கேட்டவர் எங்கே நிற்கிறார் என்ற தகவல் சந்தைச் சரக்காகியிருந்தது. செய்தி வந்ததும் முஸ்லிம் ப்ரோ அந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும், எக்ஸ்-மோடின் மென்பொருள் துண்டை எந்தச் செயலியிலும் வைக்கக் கூடாது, சில நாட்களுக்குள் அகற்ற வேண்டும் என்று கட்டளையிட்டன. அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனம் மீது நடவடிக்கை எடுத்தது 2024 ஜனவரியில்தான்.

அரசுக்கு மூன்றாண்டுக்கு மேல் ஆனதை இரு கடைகளும் ஒரு மாதத்தில் செய்தன. வாசலில் ஒருவர் இருப்பதன் பயன் அது. ஆனால் திருட்டைக் கண்டுபிடித்தது காவலாளியா? இல்லை, வெளியே இருந்த பத்திரிகையாளர். 2022இலும் இப்படித்தான். முஸ்லிம்களுக்கான தொழுகைச் செயலிகள் உட்படப் பல செயலிகளில் மறைவாகத் தகவல் சேகரிக்கும் நிரல் இருப்பதை வெளி ஆய்வாளர்கள் சொன்ன பிறகே கூகுள் அவற்றை நீக்கியது.

சந்தையில் காவல் வேண்டுமா என்பது நம் மரபில் என்றோ முடிவான கேள்வி. ஹிஸ்பா என்ற அமைப்பும், எடைக்கல்லையும் கலப்படத்தையும் சோதிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரியும் இருந்ததை மதரஸாவில் ஓதியோர் அறிவர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், ஷாம் நாட்டில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ முஹ்தஸிபுகளுக்காக எழுதிய கையேட்டில் ஒரு நிபந்தனை வருகிறது. முஹ்தஸிப் மக்களின் பொருளில் கை வைக்காதவராக, வியாபாரிகளிடமும் கைவினைஞர்களிடமும் அன்பளிப்புக்கூட வாங்காதவராக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. காரணம் விளங்காத ஒன்றல்ல. யாரைச் சோதிக்கிறாரோ அவரிடமிருந்தே வருமானம் வந்தால் தராசு சாயும். இன்றைய செயலிக் கடையில் சோதிப்பவரும் கமிஷன் வாங்குபவரும் ஒருவரே. போதாததற்கு, அதே சந்தையில் சொந்தக் கடை போட்டிருப்பவரும் அவரே. பாடல் செயலி நடத்தும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் தன் சொந்தப் பாடல் சேவைக்குச் சாதகமாக விதி வகுக்கிறது என்று ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. வெளியே மலிவாகக் கிடைப்பதைச் சொல்ல விடாமல் தடுத்ததற்காக ஆணையம் 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது.

ஒற்றை வாசல் அடைக்கப்பட்டால்

பணம் மட்டும் பிரச்சினையாக இருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்திருப்போம்.

பாகிஸ்தான் நிறுவனம் ஒன்று தயாரித்த 'குர்ஆன் மஜீத்' என்ற செயலி 2021 அக்டோபரில் சீனாவில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் குர்ஆன் செயலிகளில் அதுவும் ஒன்று. சீனாவில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் பயன்படுத்தினர் என்று அந்த நிறுவனம் சொன்னது. சீன அதிகாரிகளிடமிருந்து கூடுதல் ஆவணங்கள் தேவைப்படும் உள்ளடக்கம் இருப்பதால் நீக்குவதாக ஆப்பிள் தங்களுக்குத் தெரிவித்தது என்றும் சொன்னது. அந்த நாட்களிலேயே பைபிள் செயலி ஒன்றும் சீனக் கடையிலிருந்து மறைந்தது. உள்நாட்டுச் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்ற தன் கொள்கையையே ஆப்பிள் சுட்டிக்காட்டியது.

ஆப்பிள் குர்ஆனுக்கு எதிரி என்று இதை வைத்துச் சொல்வது நியாயமாகாது. எந்த நிறுவனமும் ஒரு நாட்டில் வியாபாரம் செய்துகொண்டு அந்நாட்டு அரசை எதிர்த்து நிற்பது கடினம். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஐபோனில் செயலி ஏற்ற அந்த ஒரு வாசலைத் தவிர வேறு வாசலே இல்லாதபடி கட்டியவர் ஆப்பிள். ஆகவே அரசு பத்து லட்சம் பேரைத் தேட வேண்டியதில்லை, ஒரு நிறுவனத்திடம் சொன்னால் போதும். 2020 ஜூனில் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோதும் கடை வாசல்கள் இரண்டும் உடனே அடைபட்டன. அந்தத் தடையை ஆதரித்தோர் உண்டு, எதிர்த்தோர் உண்டு. கருவி ஒன்றேதான். நாளை எந்தச் செயலிக்கு என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வழி இருக்கிறது. கடைக்கு வெளியே இருந்தும் செயலியை ஏற்றலாம். நாம் மேலே எச்சரித்த ஏ.பி.கே. வழிதான் அது. திருடன் வரும் சந்தும் அதுவே, கடையில் இடம் மறுக்கப்பட்ட நல்ல செயலி வரும் சந்தும் அதுவே. 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு செய்தது. 2026 செப்டம்பரில் தொடங்கி இந்தோனேஷியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிரேசில் நாடுகளில், செயலி செய்தவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருந்தால்தான் வெளியிலிருந்தும் அதை ஏற்ற முடியும். 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் இது விரியும் என்றது. எதிர்ப்பு வந்த பின், ஆபத்தை அறிந்து ஏற்றுக்கொள்ளும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி விடுவதாக அதே ஆண்டு நவம்பரில் சொன்னது. மோசடியைத் தடுக்கும் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் பதிவேட்டை வைத்திருப்பது அரசும் சாராத, போட்டியாளரும் சாராத ஒரு பொது அமைப்பாக இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. சந்தின் சாவியையும் வாசற்காரரிடமே கொடுப்பது சரியாகப் படவில்லை.

குடும்பங்களுக்கு இதில் உடனே செய்யக்கூடியது கொஞ்சம்தான். சந்தா கட்டும் முன் அதே சேவையின் இணையதளத்தில் விலையைப் பாருங்கள், குறிப்பாக ஐபோன் வைத்திருப்பவர்கள். தொழுகை நேரச் செயலிக்கு இடத் தகவல் அனுமதி கொடுக்காமல், ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தாலே பெரும்பாலான செயலிகளில் நேரம் கிடைத்துவிடும். தெரியாத எண்ணிலிருந்து வரும் ஏ.பி.கே. கோப்பை, அது யாருடைய நிக்காஹ் பத்திரிகையாக இருந்தாலும், திறக்க வேண்டாம். செயலி நடத்தும் ஜமாஅத்துகளுக்கும் மதரஸாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பாடங்களும் அறிவிப்புகளும் செயலிக்குள் மட்டும் இருக்க வேண்டாம். ஓர் எளிய இணையதளத்திலும் அவற்றை வையுங்கள், உறுப்பினர்களின் தொடர்பு எண்களைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேட்ரிமோனி நிறுவனத்துக்கு அந்த நாட்களில் இணையதளம் திறந்தே இருந்தது.